குறியும் கருவியும்

எத்தொழிலுக்கும் கருவி வேண்டும். உழவர்க்குக் கலப்பை, தச்சர்க்கு உளி, கொல்லர்க்குச் சம்மட்டி, குயவர்க்குத் திகிரி என ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய கருவி உண்டு. கருவி இல்லையேல் தொழில் இல்லை. ஆயினும், கருவியே தொழில் ஆகிவிடாது. நல்ல உளியை வாங்கியவர் எல்லாம் நல்ல தச்சர் ஆவதில்லை. இவ்வுண்மை யாவரும் அறிந்ததே. எனினும், ஒரு கலையைப் புதிதாகக் கற்கப் புகுவோர் முதலில் மறப்பதும் இவ்வுண்மையையே. துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் இம்மறதி பெரும்பொருளை விழுங்கும். அதனினும் பெரிதாகிய ஊக்கத்தையும் விழுங்கிவிடும்.

குறி தவறாது எய்தல் தமிழர்க்குப் புதியதன்று. வில்லாற்றல் மிக்க வள்ளல்களைப் பழம்பாடல்கள் போற்றுகின்றன. வில் இருந்த இடத்தில் இன்று துப்பாக்கியும் இடம்பெற்றுள்ளது. உயிரைக் கொல்லுதற்கன்றி உள்ளத்தை ஒருநிலைப்படுத்துதற்குரிய விளையாட்டாக அது உலகெங்கும் பயிலப்படுகின்றது. 1896-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் விழாவிலேயே அதற்கு இடம் இருந்தது. இந்தியாவில் இவ்விளையாட்டை வளர்ப்பதற்கென 1951-ஆம் ஆண்டில் தேசியத் துப்பாக்கிக் கழகம் தோன்றியது. மக்களவையின் முதல் தலைவராக விளங்கிய மாவளங்கர் அதன் முதல் தலைவராகவும் இருந்தார். 2008-இல் பெய்ஜிங் நகரில் அபினவ் பிந்திரா காற்றுத்துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார். ஒலிம்பிக் விழாவில் தனியொருவராக நின்று தங்கம் வென்ற முதல் இந்தியர் அவரே. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் இலண்டன் நகரில் அதே போட்டியில் வெண்கலம் பெற்றார்.

இவ்வரிசையில் தமிழ்நாட்டு மாணவர் அறிந்து மகிழத்தக்க பெயர் ஒன்று உண்டு. இளவேனில் வாலறிவன் என்பது அது. இளவேனில் என்பது பருவத்தின் பெயர். வாலறிவன் என்பது தூய அறிவினனைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். 1999-ஆம் ஆண்டில் கடலூரில் பிறந்த இவ்வம்மையார், குஜராத்தைச் சார்ந்த அகமதாபாத்தில் வளர்ந்தார். அங்கே துப்பாக்கி சுடுதலைப் பயின்றார். 2019-இல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகக்கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் விழாவிலும், 2024-இல் நடந்த பாரிஸ் ஒலிம்பிக் விழாவிலும் இந்தியாவின் சார்பில் பங்குபெற்றார்.

இளவேனில் பிறந்த கடலூர் மாவட்டத்திலேயே விருத்தாசலம் அமைந்துள்ளது. திருமுதுகுன்றம் என்பது அதன் பழம்பெயர். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில் கொண்டுள்ள அவ்வூர், பீங்கான் தொழிலுக்கும் பெயர் பெற்றது. அங்குள்ள தொழிற்கூடம் ஒன்றில் கோப்பை வார்க்கும் தொழிலாளி ஒருவர் உளர் என்றும், அவருக்குப் பதின்மூன்று வயதில் மகள் ஒருத்தி உளள் என்றும் கொள்க. இளவேனிலின் வெற்றியைச் செய்தித்தாளில் படித்த அம்மகள், "அப்பா, எனக்கும் ஒரு துப்பாக்கி வாங்கித் தாருங்கள்" என்று கேட்கின்றாள். தந்தையார் விலையை உசாவுகின்றார். வெளிநாட்டில் செய்த நல்ல போட்டித் துப்பாக்கியின் விலை இலட்சக் கணக்கில் செல்லும் என்று அறிகின்றார். "பார்ப்போம் அம்மா" என்று கூறிவிட்டு, அன்றிரவு உறங்காது கிடக்கின்றார். வாங்கித் தாராவிடின் மகளின் ஆர்வம் கருகிவிடுமோ என்பது ஓர் அச்சம். கடன்பட்டு வாங்கியபின் அது பயன்படாது போய்விடுமோ என்பது மற்றோர் அச்சம். இவ்விரண்டு அச்சமும் நியாயமானவையே. இவற்றைத் தீர்க்கும் வழி, தொடங்குவோர்க்கு வேண்டிய கருவி யாது என்பதைத் தெளிவாக அறிதலே ஆகும்.

முதலில் போட்டியின் இயல்பை அறிதல் வேண்டும். காற்றுத்துப்பாக்கிப் போட்டியில் குறி 10 மீட்டர் தொலைவில் இருக்கும். குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டர். அதிலிருந்து அரைகிராம் அளவினதாகிய ஈயக்குண்டு பாய்ந்து செல்லும். இதனைப் பயில்வோர் பெல்லட் என வழங்குவர். குறியின் நடுவில் அமைந்த புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டரே. தாளின்மேல் எழுதுகோல் முனையால் ஒரு முற்றுப்புள்ளி இட்டால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவே அது. பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கிக்கு இப்போட்டியில் இடமில்லை. பின்புறத்துச் சிறு துளை வழியாகவும், முன்புறத்து வளையம் வழியாகவும் வெறுங்கண்ணாற் பார்த்தே சுடுதல் வேண்டும். நின்றவாறே 60 குண்டுகளைச் சுட்டு முடித்தல் வேண்டும்.

இத்துணை நுண்ணிய குறியில் பிழை எவ்வாறு நேர்கின்றது? முன்வளையத்திற்கும் பின்துளைக்கும் இடையே 80 செண்டிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொள்க. அங்கே 0.1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் குண்டு ஏறத்தாழ 1.25 மில்லிமீட்டர் விலகிப் பாயும். தசமக் கணக்கில் அரைப்புள்ளி குறைவதற்கு அவ்விலகலே போதும். தாளின் தடிப்பளவே உள்ள அப்பிழை, மூச்சினால் நேரலாம். விசையை வெடுக்கென்று இழுத்ததனால் நேரலாம். கால் தளர்ந்ததனால் நேரலாம். துப்பாக்கியின் கோளாற்றினாலும் நேரலாம். பிழை எங்கே பிறந்தது என்று அறிந்தால் அன்றோ அதனைத் திருத்த முடியும்?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. தன் குறையை மறைத்துக் கருவியைப் பழிப்போரை அது நகையாடுகின்றது. ஆயின், கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிட்டால் ஆடுபவள் என் செய்வாள்? கோணல் கூடத்தில் உள்ளதா, ஆட்டத்தில் உள்ளதா என்று அவளால் அறிய இயலாது. துப்பாக்கி சுடப் பழகுவோர்க்கும் இந்நிலையே வருகின்றது. ஆகவே, தொடங்குவோர்க்கு உரிய நல்ல கருவி என்பது விலை மிக்கதும் அன்று; பெயர் மிக்கதும் அன்று. சுடுவோரின் குறையை உள்ளவாறு காட்டுவதே நல்ல கருவி. பொன்னுக்கு உரைகல் எவ்வாறோ, பழகுவோர்க்குத் துப்பாக்கி அவ்வாறு அமைதல் வேண்டும்.

இக்கருத்தை உளங்கொண்டால், முதற்படி தானே விளங்கும். தொடக்கத்தில் துப்பாக்கி வாங்கவே வேண்டுவதில்லை. சென்னை, கோயம்புத்தூர், மதுரை முதலிய நகரங்களில் துப்பாக்கிக் கழகங்கள் உள்ளன. பள்ளிகளில் தேசிய மாணவர் படையும் உண்டு. இத்தகைய அமைப்புகளில் சேர்ந்து, அங்குள்ள துப்பாக்கியைக் கொண்டே சில திங்கள் பழகுதல் வேண்டும். நிற்கும் முறை, மூச்சு விடும் முறை, விசையை மெல்ல அழுத்தும் முறை ஆகிய மூன்றும் எத்துப்பாக்கிக்கும் பொதுவானவை. விடுமுறைக் காலத்தில் மட்டும் சென்று பழகினாலும், இவ்விளையாட்டில் உள்ளம் ஊன்றுகின்றதா என்பது தெரிந்துவிடும். ஊன்றாவிடின் தந்தையார் பொருள் தப்பியது. ஊன்றினால் அடுத்த செலவுக்குக் காரணம் கிடைத்தது.

கழகத்தில் பழகுவதால் மற்றொரு நன்மையும் உண்டு. துப்பாக்கி விளையாட்டுப் பொருள் அன்று. குண்டு இல்லை என்று உறுதியாகத் தெரிந்தபோதும், குண்டு உள்ளதாகவே எண்ணிக் குழலைக் குறியின் பக்கமே நீட்டி வைத்தல் வேண்டும். சுடாதபோது குழலில் குண்டு இல்லை என்பதைப் பிறர்க்குக் காட்டும் வண்ணக்கயிற்றைச் செருகி வைத்தல் வேண்டும். ஈயம் நஞ்சாதலின், குண்டுகளைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொடலாகாது. வீட்டு முற்றமும் முந்திரித் தோப்பும் சுடுகளம் ஆகமாட்டா. வெடிமருந்துத் துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் வேண்டும். காற்றுத்துப்பாக்கிக்கும் 2016-ஆம் ஆண்டின் விதிகள் உண்டு. இவற்றையெல்லாம் கழகத்தாரிடம் கேட்டறிந்த பின்னரே வாங்குவதைப் பற்றி எண்ணுதல் முறை.

இரண்டாவதாகக் கருத்திற் கொள்ள வேண்டியது பொருத்தம். சிலர்க்கு வலக்கண் வலிமை மிக்கது. சிலர்க்கு இடக்கண் வலிமை மிக்கது. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு இடைவெளி அமைத்து, அதன் வழியாகத் தொலைவில் உள்ள பொருளொன்றை இரு கண்களாலும் காண்க. பின் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க. எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடம் மாறாது நிற்கின்றதோ, அக்கண்ணே குறிபார்க்கும் கண். துப்பாக்கி வலக்கைக்கு உரியதா, இடக்கைக்கு உரியதா என்பதை இதனை அறிந்தே முடிவு செய்தல் வேண்டும்.

அடுத்துத் துப்பாக்கியின் பின்கட்டையை ஆராய்தல் வேண்டும். குண்டில்லாத துப்பாக்கியைத் தோளில் பொருத்திக் கண்களை மூடிக் கன்னத்தை இயல்பாகச் சாய்த்து வைக்க. பின் கண்ணைத் திறந்தால், பின்துளையின் நடுவில் முன்வளையம் தானே தோன்றுதல் வேண்டும். கழுத்தை நீட்டியோ, தலையைக் கவிழ்த்தோ தேடிப் பார்க்க நேர்ந்தால் அக்கட்டை அவர்க்குப் பொருந்தவில்லை என்பது கருத்து. கழுத்தை வருத்திப் பார்ப்பவர் பத்துக் குண்டுகளை நன்றாகச் சுடலாம். அறுபது குண்டுகளை அவ்வாறு சுட இயலாது.

பீங்கான் தொழிலில் அச்சுச் செய்வோர் கையாளும் நுட்பம் ஒன்று இங்கே நினையத்தக்கது. ஈரமண்ணில் வார்த்த கோப்பை உலரும்போது சுருங்கும். சூளையில் வேகும்போது மேலும் சுருங்கும். ஆதலின், முடிவில் வேண்டிய அளவினும் சற்றுப் பெரிதாகவே அச்சினை அமைப்பர். இன்றைய அளவையன்றி நாளைய அளவையும் எண்ணிச் செய்வது அவர் வழக்கம். மண் சுருங்கும்; பிள்ளையோ வளரும். பதின்மூன்று வயதில் பொருந்திய கட்டை பதினைந்தில் பொருந்தாது. ஆகவே, வளரும் பிள்ளைக்குக் கன்னத்தாங்கியையும் தோள்தாங்கியையும் உயர்த்தவும் தாழ்த்தவும், கட்டையை நீட்டவும் குறுக்கவும் இடம் தரும் துப்பாக்கியே ஏற்றது.

எடையும் நோக்கத்தக்கது. போட்டி விதிப்படி துப்பாக்கி 5.5 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. அது மேல் எல்லையே அன்றி, எட்டியே தீரவேண்டிய எல்லை அன்று. கனமான துப்பாக்கி அசையாது நிற்கும் என்பர். வலிய உடலுக்கு அது உண்மை. மெல்லிய உடலை அது முதுகு வளையச் செய்து வருத்தும். இளையோர்க்கென்றே எடை குறைந்த துப்பாக்கிகள் செய்யப்படுகின்றன. அவற்றில் தொடங்கி, உடல் வலுப்பெற்றபின் சிறிது சிறிதாக எடையைக் கூட்டிக்கொள்ளுதல் நன்று.

மூன்றாவது, உடை. துப்பாக்கிக்கே பொருள் முழுவதையும் செலவிட்டு, உடையை மறந்துவிடுவோர் பலர். நின்று சுடுவோரின் முதுகையும் இடுப்பையும் தாங்குவது தடித்த துணியாலும் தோலாலும் ஆகிய ஜாக்கெட். கால் அசையாது ஊன்ற உதவுவது தட்டையான அடியுடைய காலணி. துப்பாக்கியைத் தாங்கும் கைக்குத் துணை செய்வது கையுறை. உடல் அசைந்தால் எத்துணை உயர்ந்த துப்பாக்கியும் அசையும். ஆதலால், கழகத்துத் துப்பாக்கியைக் கொண்டு சுடும் காலத்திலேயே சொந்தமாகக் காலணியும் கையுறையும் கொள்வது அறிவுடைமை. பின்னர் ஜாக்கெட். இது உடலோடு ஒட்டி அமைதல் வேண்டும். ஆயினும் மூச்சை இறுக்கலாகாது. அதன் தடிப்பையும் விறைப்பையும் போட்டிக்கு முன் கருவியால் அளந்து பார்ப்பர். ஆகவே, அவ்வாண்டின் விதியைக் கேட்டறிந்து வாங்குக. அளவெடுத்துத் தைத்துத் தருவோர் இந்தியாவிலேயே உளர். வளர்ந்துவிட்ட மாணவரின் ஜாக்கெட்டைக் குறைந்த விலைக்குப் பெறுவதிலும் இழுக்கில்லை.

துப்பாக்கியே வாங்கும் காலம் வந்தபின் அதன் வகைகளை அறிதல் வேண்டும். வில்சுருளால் இயங்கும் துப்பாக்கி விலை குறைந்தது. ஆயின், சுடும்போது உள்ளே உந்து தண்டு ஓடுவதனால் துப்பாக்கி அதிரும். அழுத்திய காற்றை உருளையில் அடைத்து வைத்து இயங்குவது மற்றொரு வகை. அதில் அதிர்ச்சி மிகக் குறைவு. இன்றைய போட்டிகளில் விளங்குவது இவ்வகையே. பயன்படுத்திய துப்பாக்கியை வாங்குவோர் அவ்வுருளையின்மேல் பொறித்துள்ள தேதியை முதலில் பார்க்க. பல உருளைகளுக்குச் செய்தோர் வரையறுக்கும் வாழ்நாள் 10 ஆண்டுகளே. காலங்கடந்த உருளையில் காற்றை அடைத்தல் ஆபத்து. விருத்தாசலத்துத் தந்தையார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கோப்பையை விரலால் சுண்டி, கணீரென்று ஒலித்தால் நன்று என்றும், மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் உண்டு என்றும் அறிந்தவர் அவர். பளபளப்பைக் கண்டு மயங்காது, சுண்டிப் பார்த்து வாங்கும் பழக்கம் துப்பாக்கிக்கும் பொருந்தும்.

சிறியனவாகத் தோன்றும் சிலவற்றையும் புறக்கணித்தல் ஆகாது. முன்வளையம் மிகச் சிறிதாக இருந்தால், குறியின் கருவட்டத்தைச் சுற்றி வெள்ளை தெரியாது; கண் விரைவில் களைக்கும். தொடங்குவோர்க்குச் சற்று அகன்ற வளையமே நன்று. குறிபாராத கண்ணை இறுக மூடுவதினும், அதன்முன் சிறு மறைப்பு வைத்து இரு கண்களையும் திறந்து வைப்பது முகத்தைத் தளர்ச்சியின்றிக் காக்கும். குண்டுகளில் ஒரே வகையைத் தேர்ந்து, அதனையே தொடர்ந்து பயன்படுத்துக. வகையை அடிக்கடி மாற்றுவோர், பிழை கையினதா குண்டினதா என்று மீண்டும் மயங்குவர்.

கருவியை வாங்குதல் வேறு. கருவியை அறிதல் வேறு. பெய்ஜிங் விழாவில் இறுதிச் சுற்றுக்கு முன் பிந்திரா மாதிரிக் குண்டு சுட்டபோது, அது நடுவினின்றும் வெகுவாக விலகிப் பாய்ந்தது. துப்பாக்கியின் குறிகாட்டி இடம் பெயர்ந்திருந்தது என்பதை உடனே உணர்ந்து, அதனைத் திருத்திக்கொண்டதாக அவர் தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். தம் கை பிழை செய்யவில்லை என்று அவ்வேளையில் அவரால் எவ்வாறு துணிய முடிந்தது? பல்லாண்டுகள் பழகித் தம் கையையும் தம் கருவியையும் தனித்தனியே அறிந்திருந்தமையால் முடிந்தது. அவ்வறிவு இல்லாதவர், இல்லாத குறையைத் தம்மிடம் தேடித் தடுமாறியிருப்பர். அவ்வறிவை எக்கடையிலும் விலைக்கு வாங்க இயலாது.

அதனைத் தேடிக்கொள்ளும் வழியைத் திருமுதுகுன்றத்து வரலாறு ஒன்றே காட்டுகின்றது. சுந்தரர் அவ்வூரில் இறைவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது சமயநூல் கூறும் வரலாறு. ஆற்றில் இடுமுன் அப்பொன்னிலிருந்து சிறு துண்டை மச்சமாக வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு ஒப்பிட்டு மாற்று உரைத்துப் பார்த்தார். அருளாளர் கொடுத்த பொன்னையும் அளந்து பார்க்கும் வழக்கம் அவரிடம் இருந்தது.

துப்பாக்கி பழகுவோர்க்கும் ஒரு மச்சம் வேண்டும். கழகத்துத் துப்பாக்கியால் சுட்ட இலக்கு அட்டைகளைத் தேதியிட்டுப் பாதுகாத்து வைத்தல் வேண்டும். குண்டுகள் எப்பக்கம் விழுந்தன, எத்தனையாவது குண்டில் கை தளர்ந்தது, கன்னத்தாங்கி எந்தக் கோட்டில் நின்றது என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். புதிய ஜாக்கெட்டோ, புதிய துப்பாக்கியோ வாங்கினால், புதிய அட்டையைப் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரே வேளையில் இரண்டை மாற்றாது ஒவ்வொன்றாக மாற்றினால், பயன் எதனால் விளைந்தது என்பதும் தெளிவாகும். இம்மச்சம் இல்லாதவர் செலவிட்ட பொருள், ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடும் பொருளாகவே முடியும்.

இனி, உறங்காது கிடந்த அத்தந்தையார்க்கு விடை கூறலாம். முதலாண்டில் அவர் வாங்க வேண்டுவன ஒரு குறிப்பேடு, ஒரு கையுறை, ஓர் இணைக் காலணி ஆகியனவே. மகளின் ஆர்வம் குன்றாதிருந்தால் அடுத்து ஜாக்கெட் ஒன்று. குறிப்பேடு நிறைந்து, கழகத்துத் துப்பாக்கி காட்டக்கூடிய குறைகள் எல்லாம் திருந்தி, "இனி எஞ்சிய பிழை கருவியினது" என்று பயிற்சியாளர் அட்டைகளைக் காட்டிக் கூறும் நாளில், பொருத்தமான துப்பாக்கி ஒன்றைப் பற்றி எண்ணலாம். அதுவும் புதியதாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. அந்நாள்வரை சேர்த்த பொருள் அவர் கையில் இருக்கும், கடனும் இராது. "துப்பாக்கி வாங்கித் தாருங்கள்" என்று கேட்ட மகளும், எத்தகைய துப்பாக்கி தனக்கு வேண்டும் என்பதைத் தானே அறிந்திருப்பாள்.

கருவி உயர்ந்ததாக இருக்கலாம். அதனை வாங்கித் தந்தவரின் அன்பு அதனினும் உயர்ந்ததாக இருக்கலாம். ஆயினும், அரை மில்லிமீட்டர்ப் புள்ளியின்முன் நிற்கும்போது மாணவர் தனித்தே நிற்கின்றார். அங்கே அவருக்குத் துணையாவன, தம் உடலுக்குப் பொருந்திய கருவியும், தம் பிழையை மறையாது எழுதிவைத்த குறிப்பேடுமே ஆகும்.